சத்தமில்லாமல் போன நிலக்கரி செஸ்

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்தபோது டி.வி., சிமெண்ட் விலை எவ்வளவு இறங்கும் என்று நாடே கணக்குப் போட்டது. நிலக்கரி மீதான செஸ் அதே நாளில் ரத்தானதைப் பலரும் கவனிக்கவில்லை. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி, 2016-இல் 400 ரூபாயைத் தொட்ட செஸ் அது.

பதிலுக்கு நிலக்கரி ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டார்களே என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. நிலக்கரிக்குக் கட்டும் ஜிஎஸ்டியை, சிமெண்ட் ஆலை தான் செலுத்த வேண்டிய வரியில் இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளும். செஸ்ஸை அப்படிக் கழிக்க முடியாது. அது ஆலையின் கைக்காசு. அதை மிச்சம் பிடிக்கவாவது 1,450 டிகிரியில் கனலும் சூளையின் வீண் வெப்பத்தில் மின்சாரம் எடுக்கவும், அந்தச் சூளையில் உருவாகும் கிளிங்கரைக் குறைத்து உலர் சாம்பலைக் கூட்டவும் ஒரு காரணம் இருந்தது. இப்போது நிலக்கரி வரி மின் நிலையங்களுக்குத்தான் சுமை: மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் அவற்றால் கிரெடிட் எடுக்க முடியாது.

செஸ் பணத்தை ஒழுங்காகச் செலவிட்டதாகவும் சொல்வதற்கில்லை. தூய எரிசக்தி நிதிக்கென்று வசூலித்ததில் பெரும்பகுதி அந்த நிதிக்குப் போகவே இல்லை.

இனி கார்பன் சந்தை பார்த்துக்கொள்ளுமாம். உற்பத்தி டன்னுக்கு இவ்வளவு புகைதான் என்று ஆலைவாரியாக இலக்கு. அதற்கும் கீழே குறைத்தவர் சான்றிதழ் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கு முன்னோடியான, ஆற்றல் சேமிப்புக்குச் சான்றிதழ் தந்த 'பாட்' (PAT) திட்டத்தின் கதை நினைவிருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையான முதல் சுற்றில் ஆலைகள் இலக்கைத் தாண்டியே ஆற்றலைச் சேமித்தன. இலக்கு அவ்வளவு சுலபம்! சான்றிதழ்கள் குவிந்தன, 2017-இல் 1,200 ரூபாய்க்கு விற்றது சில மாதங்களில் சில நூறுக்கு இறங்கியது. சான்றிதழ் மலிவாகக் கிடைத்தால் பழைய மோட்டாரை யார் மாற்றுவார்?

ஐரோப்பாவும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். 2013-இல் 3 யூரோவுக்கும் கீழே போன கார்பன் விலை, உபரியைச் சந்தையிலிருந்து எடுக்கத் தொடங்கிய பின் ஏறி, 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தாண்டியது. 2026 ஜனவரி முதல் அங்கே இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்டுக்கும் கார்பன் கட்டணம் உண்டு. சொந்த நாட்டில் ஏற்கெனவே செலுத்திய கார்பன் விலையைக் கழித்துக்கொள்வார்கள். இங்கே வசூலிக்காததை நம் ஏற்றுமதிக்காக அங்கே கட்ட வேண்டிவரும்.

நமது சந்தை விதிகளிலும் குறைந்தபட்ச விலைக்கு இடமுண்டு. எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அந்தக் கணக்கில் பழைய செஸ் டன் வாயுவுக்குச் சுமார் 250 ரூபாய். அதற்கும் கீழே விலை வைத்தால், 2016-இல் இருந்த இடத்துக்குக்கூட நாம் திரும்பவில்லை என்று பொருள்.