கையெழுத்தும் சோம்பேறிப் பட்டமும்

'கோழி கிளறின மாதிரி எழுதுறான், சோம்பேறி!' என்று வளர்ந்த பிள்ளைகளைத் திட்டுவது எங்கள் ஊரில் சர்வசாதாரணம். என் அக்கா மகனும் வாயால் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் விரல்கள் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான், ஷூ லேஸ், காம்பஸ் எல்லாமே போராட்டம்தான். டியூஷனை மாற்றினார்கள், இரட்டைக்கோடு நோட்டு வாங்கினார்கள், கிரிவலம்கூட வரச் சொன்னார்கள்! டாக்டரிடம் காட்ட மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

'டிஸ்கிராஃபியா' என்ற இந்தக் குறைபாட்டை 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். ஹால் டிக்கெட் வந்தபிறகு அலைந்து பிரயோஜனமில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், தாய்மார்களே!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.