மீன் தொட்டியும் நோயாளியின் கையும்
நோயாளி உள்ள வீட்டில் மீன் தொட்டி ஆகாது என்பர் சிலர். அதனை அகற்ற வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. கப்பி மீன் முட்டையிடாது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். நீரைச் சேமித்தே வாழும் நம் கரிசல் பகுதியில், புழங்குநீர்த் தொட்டியில் விட்ட கப்பி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைத் தின்னும்.

ஆயினும் மீன் தொட்டி நீரில், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்த மைக்கோபாக்டீரியம் மாரினம் இருக்கக்கூடும். புதியம்புத்தூர்த் தையற்கூடங்களில் ஊசி குத்திய விரலும் அதற்கு வாயிலே. சில வாரங்களில் தோலில் கட்டி எழும். மாதக்கணக்கில் மருந்துண்ண நேரும்.

ஆகவே புண் உள்ள சர்க்கரை நோயாளரும், புற்றுநோய் மருந்தேற்போரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் மீன்களைக் கண்டு மகிழட்டும். தொட்டி கழுவுதலை வீட்டார் கையுறை அணிந்து செய்யட்டும். கைப்புண் ஆறாவிடில், மீன் வளர்ப்பதையும் மருத்துவரிடம் மறவாது கூறுங்கள்.