கிளைமேட்டுங்கண்ணா!

சிசிடிவி கேமராவுக்குள்ள தண்ணி முத்து முத்தா பூத்திருக்குன்னு, மாட்டினவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. கோவையாகட்டும், திருப்பூராகட்டும், கோபியாகட்டும், பதில் மட்டும் மாறவே மாறாது. "நம்மூரு கிளைமேட்டுக்கு அப்படித்தானுங்கண்ணா ஆகும். கேமரா போச்சு. புதுசு போட்டுக்கலாமுங்க."

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கிளைமேட்டாமே! கோயமுத்தூர்ல வருஷம் பூரா பெய்யற மழை சுமார் 600, 700 மில்லிமீட்டர். இந்தப் பக்கம் கணவாயைத் தாண்டி கொச்சிக்குப் போனா 3000 மில்லிமீட்டர். கிளைமேட்தான் காரணம்னா கொச்சியில ஒரு கேமராகூட உருப்படியா இருக்கக் கூடாது. அங்கேயும் தெருவுக்குத் தெரு ஓடிட்டுத்தான் இருக்குது.

வானத்தைப் பாத்து கை காட்டற தம்பி, கேமராவுக்குப் பின்னாடி தொங்கற வாலை ஒருதடவை பாத்தா போதும். கோளாறு அங்கதான் இருக்குது.

கேமராவுக்குள்ள காத்து இருக்குதுங்களா? மத்தியான வெயில்ல அது 50 டிகிரிக்குச் சூடாகி நிக்குதுன்னு வெச்சுக்குங்க. நாலு மணிக்கு ஒரு மழை சடசடன்னு ஊத்திட்டுப் போனா 25 டிகிரிக்கு இறங்கிடும். உள்ள இருக்கற காத்து 8 சதவீதம் சுருங்கப் பாக்கும். எட்டுதானேன்னு நினைக்காதீங்க. அழுத்தக் கணக்குல அது முக்கால் மீட்டர் உசரத்துக்குத் தண்ணியை உறிஞ்சித் தூக்கற பலம். எந்தச் சந்து கிடைக்குதோ அது வழியா வெளிய இருக்கற ஈரக்காத்தை இழுத்துக்கும். 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரிக்கு இறங்கினா 17 கிராம்தான் சுமக்க முடியும். மிச்சம் எங்க போகும்? கண்ணாடியில உக்காரும். ராத்திரி ஐ.ஆர். விளக்கு எரிஞ்சா அந்த முத்துல எல்லாம் வெளிச்சம் சிதறி, டிவியில பாத்தா ஒரே பால் வெள்ளை.

"பெட்டி மேல ஐ.பி.67ன்னு போட்டிருக்குதே"ம்பீங்க. போட்டிருக்குதுதான். ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ள போகாதுன்னு அதுக்கு அர்த்தம். அது கேமராவோட உடம்புக்குக் கொடுத்த சர்டிபிகேட்டுங்க. நம்ம தம்பி வெளிய தொங்கவிட்ட ஜாயின்ட்டுக்கு எவனும் சர்டிபிகேட் கொடுக்கல. திறந்து கிடக்கற கேபிள் நுனியில ஈரம் பட்டா, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சற மாதிரி கம்பியோட கம்பியா உள்ள ஏறிப் போயிடும். முன்னாடி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு கூத்து சொல்றேன் கேளுங்க. ஐ.பி. கேமரா பெட்டிக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியும் ரப்பர் வளையமும் வரும். நெட்வொர்க் கேபிள் சேர்ற இடத்துல தண்ணி போகாம இருக்கறதுக்கு. அதைப் பின் அடிக்கறதுக்கு முன்னாடியே கேபிள்ல கோத்துக்கணும். பின் அடிச்ச பிறகு கோக்க முடியாது. அதனால என்ன பண்றாங்க? மூடியை பெட்டியோட சேத்து குப்பையில போட்டுட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ரெண்டு சுத்து சுத்திட்டு இறங்கிடறாங்க. ரெண்டு வெயில் பாத்தா அந்த டேப் பிரிஞ்சு காத்துல ஆடிட்டிருக்கும்.

இது எந்த ஊர்ல நடக்குதுன்னு பாருங்க. ஊருக்கெல்லாம் பம்ப் செட் செஞ்சு அனுப்பற ஊரு! ஆயிரம் அடி போர்ல சப்மெர்சிபிள் இறக்கறவங்க கேபிள் ஜாயின்ட்டை எவ்வளவு பக்குவமா சுத்துவாங்கன்னு இங்க தோட்டம் வெச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும். தண்ணிக்குள்ளேயே வருஷக்கணக்கா கிடக்கற ஜாயின்ட் நிக்குது. பத்தடி உசரத்துல சுவத்துல இருக்கறது நிக்காதாம். சப்ஸ்டேஷன் பெரிய டிரான்ஸ்பார்மர்ல ஒரு குடுவை நிறைய நீலக்கல் தொங்குறதைப் பாத்திருப்பீங்க. அதுவும் சிலிக்கா ஜெல்தான். டிரான்ஸ்பார்மர் மூச்சு இழுக்கறப்ப காத்துல இருக்கற ஈரத்தை அது பிடிச்சுக்கும். இந்தச் சமாச்சாரம் ஒண்ணும் புதுசு கிடையாதுங்க.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, இந்தக் கேமராவை நம்பி ராத்திரி கண்ணை மூடறவங்க இருக்காங்க. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டன்பாளையத்துல ஒரே குடும்பத்துல மூணு பேரு. 2025ல சிவகிரி பக்கம் வயசான தம்பதி. ரெண்டும் தோட்டத்து வீட்டுல நடந்த கொலை. புள்ளைங்க பெங்களூர்லயோ அமெரிக்காவுலயோ இருக்க, தோட்டத்துச் சாலையில அப்பாரும் ஆத்தாளும் தனியா இருக்கற வீடு இங்க எத்தனை! அங்கெல்லாம் கேமரா மாட்டறது பயத்துலதான். விடியக்காலம் மூணு மணிக்கு அதுல வெறும் வெள்ளைதான் தெரியும்னா, அதுக்குப் பேசாம ஒரு நாட்டு நாயை வளத்துக்கலாம். :-)

சரி, என்ன பண்ணணும்? மொதல்ல கண்ணாடியை வெளிப்பக்கம் விரலால துடைங்க. போயிடுச்சுன்னா அது தை, மாசிப் பனி. கேமராவைக் கூரைக்கு உள்ள தள்ளி மாட்டினா தீந்துது. போகலைன்னா உள்ள இருக்குது. வாரண்டி இருந்தா திறக்காதீங்க, கடைக்காரரையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்க. முடிஞ்சுபோச்சுன்னா கரண்டை நிறுத்திட்டுக் கழட்டுங்க. மூடி வெச்சுக்கிட்டே ஹேர் டிரையர் காட்டறது சுத்த வேஸ்ட். தண்ணி ஆவியாகி அங்கேயேதான் சுத்தும், ராத்திரி மறுபடி உக்காரும். அரிசி டப்பாவுல புதைக்கறவங்களுக்குப் பெரிய கும்பிடு. திறந்து, ஏ.சி. ரூம்ல ரெண்டு மூணு மணி நேரம் வெச்சா நல்லாக் காயும். ஆடி மாசச் சாரல்ல வாசல்ல உக்காந்து மூடினீங்கன்னா ஈரத்தையும் சேத்து மூடினதாத்தான் கணக்கு. ரப்பர் வளையத்துல முடி, தூசி இல்லாம துடைச்சு, புது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணை லென்சை மறைக்காம வெச்சு மூடுங்க. பழைய பொட்டலம் குடிக்க வேண்டியதைக் குடிச்சு முடிச்சிருக்கும், தூக்கிப் போட்டுடுங்க.

அதைவிட முக்கியம் வால். கேமராவுக்குப் பின்னாடி ஜங்ஷன் பாக்ஸ் வெச்சு எல்லா ஜாயின்ட்டும் அதுக்குள்ள போகணும். பாக்ஸுக்குள்ள நுழையற கேபிள் ஊஞ்சல் கயிறு மாதிரி கீழ இறங்கி, அப்புறம் மேல ஏறணும். மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். சுவத்து ஓட்டையையும் அடைக்கணும்.

சிலிக்கான் பேஸ்ட்ன்னதும் கேமராவுக்கே பூசி விடற வீரர்கள் உண்டு. வினிகர் வாசம் அடிக்கற பேஸ்ட்டை எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொண்டு போகவே கூடாது, அந்த அமிலம் செம்பை அரிச்சுடும். நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. சில கேமராவுல காத்து மட்டும் போய்வர சின்னதா ஒரு சவ்வு வெச்சிருப்பாங்க. அதையும் பூசி அடைச்சுட்டா செஞ்சவன் மூளையே வீண்.

நம்ம ஆளுங்களையும் சொல்லணும். நாலு கேமரா, வயரிங் ஃப்ரீன்னு நோட்டீஸ் பாத்ததும் ஓடறோம். ஃப்ரீயா ஏணி ஏறறவன் ஜங்ஷன் பாக்ஸுக்கு எங்க போவான்? கொட்டேஷன்ல அந்தச் சில நூறு ரூபாயை மொதல்ல வெட்டறது நாமதான். வெட்டாதீங்க. மீதிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி, "தம்பி, அந்த மூடியும் வளையமும் எங்கப்பா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கிளைமேட்டுன்னு ஆரம்பிச்சா ஏணியை எடுக்க விடாதீங்க.

டிஸ்கி: நிறம் மாறின சிலிக்கா ஜெல்லை வறுத்துத் திரும்ப உபயோகிக்கலாம், உண்மைதான். ஆனா நீலக்கல்லுல கோபால்ட் உப்பு இருக்கும், அது விஷம். அம்மணி தோசைக்கல்லுல வறுத்துத் தொலைக்காதீங்க.