சனிக்கிழமைத் தாயம்

வைகுண்ட ஏகாதசி இரவில், தூக்கத்தை வெல்லும் பொருட்டுப் பரமபத படத்தை விரித்து வைத்துக்கொண்டு, விடியும்வரை ஏணியில் ஏறியும் பாம்பில் இறங்கியும் கண் விழித்தவர்கள் நம் பெரியவர்கள். விளையாட்டை வீண்பொழுது என்று அவர்கள் எண்ணியிருந்தால், ஒரு விரதத்தின் நடுவே அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்கும் தில்லைக் கோவிந்தராஜப் பெருமாளுக்கும் அண்டையில் வளர்ந்த எங்களுக்கு இது பால்யத்திலேயே பழகிய காட்சி. ஆனால் வருஷத்துக்கு ஓர் இரவு போதாது, வாரத்துக்கு ஒரு மாலை வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் நால்வர், இருவர் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இருவர் சிதம்பரத்திலும் இருப்பவர்கள். ஒரு சனிக்கிழமை கடலூரிலும் மறு சனிக்கிழமை சிதம்பரம் கீழவீதியிலும், நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பஸ் பிரயாணத்தைச் சிரமமாகக் கருதாமல், தாயம் ஆடக் கூடுகிறோம். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் கிழித்து, மலைக் கட்டங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டு, பித்தளைக் கட்டைகள் இரண்டையும் உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டிவிட்டால், அந்தக் கிணுகிணுப்பில் வாரத்தின் அலுப்பெல்லாம் போய்விடுகிறது. தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது. ஒருவருக்கு முதல் உருட்டலிலேயே விழும், மற்றொருவர் அரைமணி நேரம் வெறுமனே காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. தினந்தோறும் தொலைபேசியில் பேசியும், தம் மகனுக்கு வேலை போன செய்தியை எங்களிடம் சொல்லாதிருந்த சிநேகிதர் ஒருவர், தம் காய் வெட்டுப்பட்டு மறுபடியும் தாயத்துக்குக் காத்திருந்த ஒரு மாலையில், கட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே அதைச் சொன்னார். யாரும் ஆறுதல் வார்த்தை தேடவில்லை. அவர் முறை வந்ததும் கட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தோம்.

பணயம் எங்களுக்குள் கிடையாது. முகந்தெரியாதவர்களோடு கைப்பேசியில் பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் அழிந்ததன் விளைவாக, 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தடைச்சட்டமே அமலுக்கு வர வேண்டியதாயிற்று. சூது என்று அஞ்சப்பட வேண்டியது அதுதானே தவிர, எதிரில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதரின் முகம் பார்த்து ஆடும் ஆட்டம் அன்று.

கூடி ஆட எங்களுக்கு வீடு வாய்த்தது, வாய்க்காதவர்களே அதிகம். தெருவில் போகிறவனும் உரிமையோடு உட்கார்ந்து ஒரு கை ஆடிவிட்டுப் போன திண்ணைகள், புதிய வீடுகளில் இல்லாமற் போயின. பழைய கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரைக்கற்களில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பொது இடம் என்றால் அங்கே உட்கார்ந்து ஆடுவதற்கும் மனிதனுக்குப் பாத்தியதை உண்டு என்று அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள். ஆகவே கடலூர் மாநகராட்சியையும் சிதம்பரம் நகராட்சியையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வெள்ளிக் கடற்கரையிலும் இரண்டு ஊர்ப் பூங்காக்களிலும் சில கல்மேடைகள் அமைத்து, அவற்றின்மேல் ஆடுபுலிக் கோடுகளையும் தாயக் கட்டங்களையும் செதுக்கித் தாருங்கள். புலிக்கு மூன்று கல்லும் ஆட்டுக்குப் பதினைந்து கல்லும் ஆடுகிறவர்களே பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.