புல்லின் நோயறியப் பயிற்சி வேண்டும்



மைதானத்திலும் பூங்காவிலும் புல்தரை பழுத்தால், உடனே யூரியா தூவி மாலையில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பழுப்புத் திட்டு நோயாக இருந்தால், பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். காசளவு வெளிறிய திட்டுகள் விழும் 'டாலர் ஸ்பாட்' நோயோ தழைச்சத்துக் குறைவால் வலுப்பது. அங்கே அளவான உரம் உதவும். பித்தியம் அழுகலில் புல் எண்ணெய் தடவியதுபோல் கறுத்துவிடும். பனி காயுமுன் குனிந்து பார்த்தால் வெண்ணிழை தெரியும். அதற்குக் கார்பென்டசிம் மருந்து தெளிப்பது வீண் செலவு.

நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சைதான் புல்லிலும் பழுப்புத் திட்டை உண்டாக்குகிறது. அதை நன்கறிந்த வேளாண் வல்லுநர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புல்தரையைப் பராமரிப்பவர்களுக்கு மைதானத்திலேயே வைத்து அவர்கள் பயிற்சி தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடக் கூடாது. மருந்து தெளிப்பவர்கள் அவர்கள்தான்.

– ஒரு வாசகர், கோவை