போகாதவங்ககிட்டயும் கேளுங்க!



ஊர் சுற்றி வந்தவர்கள் அதைப் பற்றிப் போகாதவர்களிடம் பேசலாமா, கூடாதா? பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே எங்கள் வகுப்பில் இது சண்டையாகிவிட்டது. "நீங்க போனீங்க, சரி. அதை ஏன் எங்ககிட்ட பீத்திக்கிறீங்க?" என்று என் தோழி எழுந்து போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு இந்தப் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் தப்பு என் பேரில்தான்.

காணும் பொங்கலுக்கு நாங்கள் பிச்சாவரம் போனோம். அப்பா, அம்மா, தம்பி, அத்தை வீட்டுக்காரர்கள் எல்லாரும் இரண்டு துடுப்புப் படகில் ஏறினோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் இருக்கிற அலையாத்திக் காடு அது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. என் அப்பா திருப்பூரில் வேலை செய்கிறார். வருஷத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். அன்றைக்குத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதை என்னால் மறக்கவே முடியாது.

ஆனால் வகுப்பில் நான் இதைச் சொன்னேனா? இல்லை. டிக்கெட் எவ்வளவு, என்ன தின்றோம், எத்தனை போட்டோ எடுத்தோம், "நீ வரலையே, செம ஜாலி" என்றுதான் சொன்னேன். அது நினைவைப் பகிர்வது இல்லை, பீத்தல்தான்.

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் ஆயா. முட்டி வலியால் ஆயா எங்களுடன் வரவில்லை. நாங்கள் வந்ததும் தம்பி செல்போனில் போட்டோ காட்டினான். "கண்ணு சரியா தெரியலடா, வாயால சொல்லு" என்றது ஆயா. பிறகு என்னிடம், "வேரு எப்படி இருந்துச்சு? சேத்துலேருந்து குச்சி குச்சியா மேல நிக்குதா, வளைஞ்சு எறங்குதா?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டுதானே இருந்தேன்!

ஆயாவே சொன்னது. குச்சியாக நிற்பது வெண்கண்டல், வளைந்து இறங்குவது சுரபுன்னை. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறதாம். சின்ன வயதில் ஆயா தன் அப்பாவுடன் தோணியில் அந்த வாய்க்கால்களில் நண்டு பிடிக்கப் போயிருக்கிறது! தில்லை மரத்தின் பால் பட்டால் கண்ணுக்கு ஆபத்து என்பதால், அந்த மரத்தின் ஓரம் போகும்போது "கண்ண மூடிக்க" என்பாராம் அவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான்.

"எனக்கே இது தெரியாதேம்மா" என்றார் அப்பா. "நீ கேக்கலையே" என்றது ஆயா. வீடே அமைதியாகிவிட்டது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று அறிவியல் சார் சொல்லியிருக்கிறார். ஆயா பிறந்த ஊரும் அதில் ஒன்று. நாங்கள் காசு கொடுத்து ஒரு மணி நேரம் பார்த்த காடு, ஆயாவுக்குச் சொந்தக்காரர் மாதிரி. அந்த ஆயாவிடம்தான் நாங்கள் ஒன்றுமே கேட்காமல் இருந்தோம்.

மறுநாள் தோழியிடம் போய், "காணும் பொங்கலுக்கு நீ என்னடி பண்ணே?" என்று கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு சொன்னாள். அவளும் அவள் தம்பியும் வாழைமரத்தைச் சேர்த்துக் கட்டி முழங்கால் தண்ணீர் வாய்க்காலில் தெப்பம் விட்டார்களாம். பாதியில் கவிழ்ந்து இரண்டு பேரும் சேறாகி அம்மாவிடம் அடி வாங்கினார்களாம். சிரித்து சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நான் போனது டிக்கெட் வாங்கிய படகு. அவள் போனது அவளே கட்டிய படகு. எது பெருசு?

அதனால் என் கருத்து இதுதான். போய்வந்ததைக் கட்டாயம் பேசுங்கள். செலவைச் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், "நீ என்ன பண்ணே?" என்று கேளுங்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கதை இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லீவுக்குப் பிறகும் இந்தச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு தாளை எங்களுக்கு ஒதுக்குங்கள். ஊருக்குப் போனவர்களும் போகாதவர்களும் அதில் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். முதலில் வாழைமரத் தெப்பத்தைப் பற்றி எழுத என் தோழி சம்மதித்துவிட்டாள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி