மெட்ரோ வரட்டும், ஆனால் வீடு வரை யார் கொண்டுவிடுவது?

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரும்பாக்கம் எழில் நகர் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் வந்து நின்று பாருங்கள் தோழர்களே. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்குப் பாத்திரம் கழுவவும் சமைக்கவும் போகிற அம்மாக்கள், அக்காக்கள்தான் கூட்டத்தில் பாதிப் பேர். அவர்களில் பலர் ஒருகாலத்தில் அந்த வீடுகளுக்கு நடந்தே போனவர்கள். ஆற்றங்கரைகளில் இருந்து பிய்த்தெடுத்து எட்டு மாடி அடுக்குகளில் கொண்டுவந்து போட்ட பிறகு, வேலை அங்கேயே நின்றுவிட்டது, வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டது. அப்படி வந்தவர்களில் பெரும்பங்கினர் எந்தச் சாதி என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்போது மெட்ரோ வருகிறது. இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி மயிலாப்பூர், மந்தைவெளி, துரைப்பாக்கம், செம்மஞ்சேரி வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகும். ஐந்தாவது தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் தொட்டுச் சோழிங்கநல்லூரில் முடியும். மொத்தத் திட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். நாம் இதை எதிர்க்கவில்லை. ஓஎம்ஆர் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்று கல்லூரிக்குப் போகிறவர்கள் ரயிலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நாம் கேட்பது வேறு.

முதலில் காசு. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது எத்தனை குடும்பங்களில் அரிசியாக மாறியது என்று நமக்குத் தெரியும். மெட்ரோவில் அந்தச் சலுகை இல்லை. 2021 பிப்ரவரியில் குறைத்த பிறகு கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. அதன்படி பெரும்பாக்கத்தில் இருந்து மந்தைவெளிக்கு ஒருவழிக்கு 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் போய்வர 2,000 ரூபாய். கார்டு வைத்திருந்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு, அப்போதும் 1,600. ஒரு வீட்டு வேலைக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கட்டணம் இப்படியே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பெங்களூரில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60-இல் இருந்து ஒரே தாவலில் 90 ஆனது.

அப்போது பேருந்திலேயே போகட்டுமே என்பார்கள். போகலாம், பேருந்து இருந்தால். ரயில் வந்ததும் "அதே தடத்தில் இரண்டு வண்டி எதற்கு" என்று சாதாரணப் பேருந்துகளைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் நம் பயம். குறைக்க மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். ரயில் ஓடத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியது இது. பிறகு கேட்டால் மனு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது, நிலையத்தில் இறங்கிய பிறகான தூரம். 1901-இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் மற்றப் பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டது. நிலையத்துக்கு வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர்கள்தான், சாதி தெரிந்ததும் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். நூற்றாண்டு தாண்டியும் நம் கதை அங்கேயேதான் நிற்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் போக வேண்டிய இடம் கண்ணகி நகர் என்று போட்டுப் பாருங்கள், வண்டி ரத்தாகிவிடும். ஆட்டோக்காரரிடம் சொன்னால் "அந்தப் பக்கம் வர்றதில்ல தம்பி" என்பார். யாரும் சாதியைச் சொல்வதில்லை, ஏரியாவைச் சொல்கிறார்கள். அதனால் மெயின் ரோட்டு நிலையத்தில் இருந்து குடியிருப்பின் கடைசி பிளாக் வரை, முதல் ரயிலில் இருந்து கடைசி ரயில் வரை சிற்றுந்து ஓட வேண்டும், பெண்களுக்குக் கட்டணமில்லாமல். இருட்டில் உள்ளே நடந்து வரும் நம் தங்கைகளுக்கு, நிலையத்தில் இருக்கும் ஏசியை விட இது முக்கியம்.

வேலை பற்றியும் பேச வேண்டும். நிலையங்களைக் கூட்டித் துடைக்க ஒப்பந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது நம் ஊர் முகவரி அவர்களுக்கு உறுத்தாது. டிக்கெட் கவுண்டருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் வரும்போதுதான் உறுத்தும். ஒப்பந்த வேலை என்றால் இடஒதுக்கீடும் கிடையாது. ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இயக்கம், பராமரிப்புப் பிரிவுகளில் பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். துடைப்பம் மட்டும் போதாது.

இன்னொன்று, கேட்டால் சிலர் சிரிக்கலாம். ஓஎம்ஆரில் ஒரு நிலையத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைக்க வேண்டும். இந்தப் பெயரைப் பயோடேட்டாவில் எழுதினால் வேலை போய்விடும் என்று துரைப்பாக்கம் என்று மாற்றி எழுதியவர்கள் நம்மில் பலர். அந்தப் பெயரை ஒலிபெருக்கி தினமும் ஐடி கம்பெனிக்காரர்கள் காதில் சொல்லட்டும்.

ரயில் வரும் இடத்தில் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியபோதுதான் நம்மை இங்கே அனுப்பினார்கள். இங்கேயும் ஏறினால் எங்கே அனுப்புவார்கள்? வீடுகளுக்கு இன்னும் கிரையப் பத்திரம் கிடைக்காதவர்கள் பிளாக் வாரியாகப் பெயர்களைச் சேகரித்துவிடுங்கள். மனுவை அடுத்த கூட்டத்தில் கொடுக்க வேண்டும்.